கேபிளா, டிஷ்ஷா, ஃபைபரா? அப்பன்திருப்பதி வீட்டுக் கதை

கேள்வி:

அண்ணே, மதுரை அழகர்கோவில் சாலையில் அப்பன்திருப்பதிக்குப் பக்கம் புது வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். ஏரியா கேபிள்காரர் டி.வி.யும் நெட்டும் சேர்த்துத் தருகிறேன், ஒரே பில் என்கிறார். டிஷ் மாட்டுகிற பையன், கேபிளை நம்பாதீங்க என்கிறான். அம்மாவுக்குச் சீரியல். எனக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. தென்கிழக்கு மூலையில் ஒரு தென்னை நிற்கிறது. குரங்குத் தொல்லையும் உண்டு. என்ன செய்யலாம்?

2024 செப்டம்பர் 14, சனி

தம்பி, இரண்டையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான் என் பதில். மற்றதெல்லாம் புலம்பல்.

விளாங்குடியில் எங்கள் வீட்டிலும் முன்பு ஒரே பில்தான். வசதியாகத்தான் இருந்தது. ஒருநாள் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று தெருவில் குறுக்கே போன ஒயரையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. டி.வி. போச்சு, நெட்டும் போச்சு. அம்மா ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம், நடுவில் நான். ஒரே பில் என்றால் இரண்டும் ஒரே நாளில் போகும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் டி.வி.க்கு டிஷ், நெட்டுக்கு ஃபைபர், அதாவது வெளிச்சத்தில் சேதி கொண்டுவருகிற கண்ணாடி இழை. மழையில் டிஷ் போனால் நெட் இருக்கும், ஒயர் அறுந்தால் டிஷ் இருக்கும். ஆனால் தென்கிழக்கில் தென்னை நிற்கிறது என்றால் டிஷ் யோசனையை விட்டுவிடுங்கள். நம் ஊரில் டிஷ் அந்தப் பக்கம்தான் பார்க்கும்.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு

தென்னை விஷயத்தில் நான் சொன்னது தப்பு. ஒத்தக்கடையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் வாத்தியார் கணக்குப் போட்டு அனுப்பி என் காதைத் திருகிவிட்டார்.

சன் டைரக்ட், டிடி ஃப்ரீ டிஷ் இரண்டும் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிற செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன. மதுரையிலிருந்து பார்த்தால் திசை தென்கிழக்குதான், கொஞ்சம் கிழக்கு தூக்கலாக. ஆனால் உயரம் சுமார் 68 டிகிரி. அதாவது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே. டிஷ்ஷைவிட மரம் முப்பது அடி உயரமாக இருந்தாலும், பன்னிரண்டு அடிக்குள் நின்றால்தான் மறைக்கும். அதைத் தாண்டி நின்றால் மட்டை ஆடினாலும் கவலை இல்லை.

பிறகு ஏன் டிஷ் எதிர்வீட்டு மாடியைப் பார்க்கிற மாதிரி சாய்ந்திருக்கிறது என்று கேட்டேன். அந்தத் தட்டு முழு வட்டக் கிண்ணம் இல்லையாம், ஒரு பெரிய கிண்ணத்தின் ஓரத்தை வெட்டி எடுத்த மாதிரியாம். தட்டு முன்னால் பார்ப்பது போலத் தெரியும், சிக்னலை மேலேயிருந்துதான் வாங்கும். இருபது வருடமாக எல்லா மொட்டைமாடியிலும் பார்த்த பொருள். இன்றைக்குத்தான் தெரிகிறது.

தென்னை இருக்கட்டும் தம்பி. இளநீராவது கிடைக்கும்.

அதே நாள், இரவு

நெட்டையும் டிஷ்ஷிலேயே வாங்கிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். டி.வி. டிஷ் ஒருவழிப் பாதை, வாங்க மட்டும்தான் தெரியும், திருப்பி அனுப்பாது. ஏ.டி.எம். மேலே இருக்கிற விசாட் என்கிற தட்டு வேறு சாதி, அது அனுப்பவும் செய்யும். ஆனால் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் மேலே நிற்கிறது. நீங்கள் கேட்டது மேலே ஏறி இறங்கி, பதில் மறுபடி மேலே ஏறி இறங்கினால் ஒளி வேகத்திலேயே அரை விநாடி ஆகிவிடும். பணம் எடுக்க அது போதும். மீட்டிங்கில் மேனேஜரும் நீங்களும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் நிறுத்தி, மறுபடி இருவரும் ஆரம்பிப்பீர்கள்.

2024 செப்டம்பர் 28, சனி

நேற்றுக் காலை பதினோரு மணியை ஒட்டிச் சில நிமிடம் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மழையும் இல்லை, மேகமும் இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில். வாத்தியாரைத்தான் கேட்டேன். வருடத்தில் இரண்டு முறை, நம் ஊருக்கு மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்குமாம். சூரியனின் இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். நாலைந்து நாள், தினமும் சில நிமிடம். யாரையும் திட்ட முடியாத பழுது அது ஒன்றுதான்.

கேபிள் வீடுகள் சிரிக்க வேண்டாம். கேபிள்காரரும் சேனல்களைப் பெரிய டிஷ் வைத்து வானத்திலிருந்துதான் இறக்குகிறார். டிஷ் அவர் மாடியில், ஒயர் உங்கள் வீட்டில். அவருடையது ஆளுயரத்தைத் தாண்டிய பழைய காலத்துக் கிண்ணம், அலைவரிசையும் வேறு, 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். நம் சின்ன டிஷ் 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம். இங்கே அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான், மழைத்துளி அதை நன்றாகத் தின்னும். அதனால்தான் கனமழையில் நம் படம் போகிறது, அவர் படம் நிற்கிறது.

2024 அக்டோபர் 6, ஞாயிறு

காசு. கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

அரசு கேபிள் 2011-ல் மறுபடி கிளம்பியபோது மாதம் 70 ரூபாய். அந்த நினைப்பிலேயே என் அம்மா இன்றைக்கும் "எழுபது ரூபாய்க் கேபிளுக்கு எதுக்குடா முந்நூறு" என்பார். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறையில் அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130, வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதன்மேல் கட்டணச் சேனல்கள் தனித்தனியாக. கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் ஒரே விதி. ஆகவே டிஷ் மலிவு, கேபிள் மலிவு என்கிற பேச்சே பழசு. எந்தச் சேனல் கட்டுகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

(பின்சேர்க்கை: 130 உச்சவரம்பு இப்போது இல்லை. 2024 ஜூலையில் டிராய் அதை எடுத்துவிட்டது. எவ்வளவு என்பதை நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம். வாத்தியாருக்கு முந்திக்கொண்டு நானே திருத்திவிட்டேன்.)

மாதக் கட்டணமே வேண்டாம் என்றால் ஃப்ரீ டிஷ். பெட்டியும் தட்டும் வாங்குகிற செலவோடு சரி. சன், விஜய் சீரியல் பார்க்கிற அம்மா இருக்கிற வீட்டில் அதை வாங்கி வைத்துவிட்டு நீங்கள் எங்கே போய்ப் படுப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

நெட்டுக்கு 30 எம்.பி.பி.எஸ். போதும். ஹெச்.டி. படம் ஒன்று ஐந்து எடுக்கும், வீடியோ மீட்டிங் இரண்டு மூன்று. லைன்மேன் "உங்களுக்கு முப்பது எம்.பி.பி.எஸ். வருது" என்று சொன்னதைக் கேட்டு எங்கள் அம்மா, "எந்த வீட்டுலப்பா முப்பது டாக்டரு?" என்றார்.

2024 அக்டோபர் 29, செவ்வாய்

25-ம் தேதி வெள்ளிக்கிழமை மழையை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செல்லூர்ப் பக்கம் என் கடை. ஆன்லைன் விண்ணப்பம், சான்றிதழ், ஜெராக்ஸ். தெருவில் தண்ணீர் ஏற ஏற, கம்ப்யூட்டரை மேசையிலிருந்து அலமாரிக்கும் அலமாரியிலிருந்து பரணுக்கும் தூக்கினேன். வீட்டில் டிஷ் என்ன ஆனது என்று கேட்டேன். மழை வலுத்ததுமே "சிக்னல் இல்லை" என்று திரையில் வந்துவிட்டதாம். மழை கொஞ்சம் விட்டதும் தானாக வந்துவிட்டது. போனது அரை மணி நேரத்துக்குள்.

ஃபைபர்? கடையில் நேற்று மாலைதான் வந்தது. கண்ணாடி இழைக்கு மழை ஒன்றும் செய்யாது என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இழைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நெட் நிறுவனம் தெருமுனைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வைத்திருந்த கருவிப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தொலைபேசினால் "24 மணி நேரத்தில் சரியாகும்" என்கிற பெண்குரல். வெள்ளியும் அதையே சொன்னது, ஞாயிறும் அதையே சொன்னது. தீபாவளிக்கு முந்தின வாரம் வேறு. வந்த பிள்ளைகளுக்கு என் கைபேசி நெட்டில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன், டேட்டா காலி.

இப்போது செப்டம்பர் 14-ல் எழுதியதைத் திரும்பப் படிக்கிறேன். இரண்டையும் ஒரே கையில் கொடுக்காதே என்றேன். கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. விளாங்குடியில் அந்தப் பழைய கேபிள்காரர் வைக்கோல் லாரி அறுத்த ஒயரை அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு, டார்ச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு ஏணி மேல் நின்று ஒட்டினார். அதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். லாரியை மட்டும் எழுதினேன்.

தம்பி, உங்கள் கேபிள்காரர் எங்கே குடியிருக்கிறார்? அதை முதலில் விசாரியுங்கள்.

2024 நவம்பர் 10, ஞாயிறு

வீட்டு ஃபைபரும் போனது. மழை இல்லை, லாரி இல்லை. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்கிற இடத்தில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். அழகர்மலைக் குரங்கு விளாங்குடி வரை வந்துவிட்டதா என்று மாடிக்கு ஓடினேன். ஒன்றும் இல்லை.

பையன் ஒருவன் பைக்கில் வந்தான், இருபத்திரண்டு வயது இருக்கும். முதலில் மீட்டரைச் சொருகிப் பார்த்தான். வெளிச்சத்தின் அளவு மைனஸ் 19 என்று காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போனவன் முருங்கை மரத்தடியில் நின்றான். கறுப்பு உறையில் வரிசையாகப் பல் பதிந்த தடம். "அணில் சார். மதுரையில எனக்கு வேலை கொடுக்கிறதே அதுதான்" என்றான்.

ஒட்டுகிற வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உறையை உரித்தான். உள்ளே இருந்த இழை தலைமுடி மாதிரி, வெயிலில் பிடித்தால்தான் தெரிந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான், கீச்சென்று சத்தம் வரும்வரை. சின்ன வெட்டுக் கருவியில் வைத்து நுனியைச் சதுரமாக நறுக்கினான். உதிர்ந்த துணுக்கை ஒட்டுநாடாவில் ஒற்றி எடுத்துப் பத்திரப்படுத்தினான், காலில் ஏறினால் வெளியே எடுக்க முடியாதாம். இரண்டு நுனியையும் மெஷினுக்குள் வைத்து மூடியதும் திரையில் இரண்டு தடிக்கம்பு மாதிரித் தெரிந்தன. தானாக நேருக்கு நேர் வந்தன, ஒரு பொறி, அவ்வளவுதான். ஒன்றாகிவிட்டது. மேலே ஒரு குழாயை மாட்டிச் சூட்டில் சுருக்கினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

போகும்போது கதவு இடுக்கில் நான் மடித்துச் செருகியிருந்த ஒயரை எடுத்து வளைவாகச் சுற்றி ஆணியில் மாட்டினான். "இப்படி மடிச்சா வெளிச்சம் ஒழுகிரும் சார்." வெளிச்சம் ஒழுகும் என்பதை முதல்முறையாகக் கேட்டேன்.

2024 நவம்பர் 11

அணிலை என்ன செய்வது என்று ஏழு பேர் கேட்டுவிட்டீர்கள். பி.வி.சி. குழாய்க்குள் இழுங்கள். ராமர் தடவிக்கொடுத்த முதுகு, அடிக்காதீர்கள்.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

கரண்ட் பற்றி யாருமே கேட்கவில்லை, வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் உயிர்ப் பிரச்சினை. மாதப் பராமரிப்பு என்று ஒருநாள் காலையிலிருந்து மாலை வரை நிறுத்துவார்கள். பழைய கோஆக்சியல், அதாவது உலோகக் கம்பிக் கேபிளில் தெருவுக்குத் தெரு சிக்னலைத் தூக்கிவிடுகிற ஆம்ப்ளிஃபயர் உண்டு, அதற்குக் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் தெருவில் கரண்ட் இல்லை என்றால் படம் வராது. ஃபைபரில் நடுவழியில் கரண்டே வேண்டியதில்லை, வெளிச்சத்தைப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் சும்மா கண்ணாடிதான். அந்த முனையில் அவர்களும் இந்த முனையில் நீங்களும் பேட்டரி வைத்திருந்தால் போதும். ரூட்டருக்கென்றே 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது, டவுன்ஹால் ரோட்டில் கேளுங்கள். அவர்கள் முனையில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் இணைப்பு வாங்கும்போதே கேளுங்கள். சொல்லத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

ஆன்டெனா காலத்தில் இந்தத் தொல்லை ஏது என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, நானும் தூர்தர்ஷன் பிடிக்கக் கொடைக்கானல் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பினவன்தான். காக்கா உட்கார்ந்தால் படம் போகும். காற்றடித்தால் நான் மாடியில், அப்பா வராந்தாவில், அம்மா டி.வி. முன்னால், மூன்று பேரும் கத்திக்கொண்டிருப்போம். பூஸ்டர் போட்டு இலங்கை ரூபவாஹினி இழுத்த வீட்டுக்குத் தெருவில் தனி மரியாதை. தொல்லை அன்றைக்கும் இருந்தது, மாதப் பில்தான் இல்லை.

டிஷ் என்றால் நிலையானது என்கிறவர்களுக்கு ஒன்று. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் சூரியத் தகட்டுப் பக்கம் மின்கோளாறு வந்து சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. தென்னிந்தியாவில் எத்தனையோ வீட்டில் டிஷ் கண்ணை மூடியது. வானத்துக்கு ஏணி போட முடியாது.

2025 மார்ச் 24, திங்கள்

நேற்று சென்னை–மும்பை ஆட்டம். அம்மாவுக்காக டி.வி.யை விட்டுவிட்டு, பையனும் நானும் ஃபைபரில் செயலி வழியாகப் பார்த்தோம். பக்கத்து வீட்டில் கேபிள். திடீரென்று அங்கே விசில், தட்டுச் சத்தம். எங்கள் திரையில் நூர் அகமது இன்னும் ஓடிவரவே இல்லை. என்னமோ நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டே காத்திருந்தோம். பிறகு சூர்யகுமார் இறங்கி வந்தார், தோனி ஸ்டம்பைத் தட்டினார். 0.12 விநாடியில் நடந்ததாம். எங்கள் வீட்டுக்கு வர அரை நிமிடம் ஆனது.

ஆட்டத்துக்குக் கேபிள் அல்லது டிஷ்தான். இதில் மட்டும் எனக்கு மறுயோசனை இல்லை.

2025 மே 13, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்கள் வீட்டில் கேபிள் மறுபடி வந்துவிட்டது.

நடந்தது இது. அம்மாவுக்கு இந்த வருடம் முழங்கால் வலி, தல்லாகுளம் வரை நடக்க முடியாது. அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவையை வீட்டிலேயே பார்க்கிறேன் என்றார். டிஷ்ஷில் பெரிய சேனல்கள் ஆற்றில் இறங்குவதை மட்டும் விடியற்காலையில் காட்டும். அம்மாவுக்கு வேண்டியது அது இல்லை. ராத்திரி முழுக்க எந்த மண்டகப்படியில் நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்று உள்ளூர்ச் சேனல்தான் காட்டும். அது கேபிளில் மட்டும்தான். முந்தாநாள் சாயங்காலம் பழைய கேபிள்காரருக்குப் போன் போட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "ஒயர் உங்க மாடியிலதான்ணே சுருட்டிக் கிடக்கு, நான் கழட்டவே இல்ல" என்றார். பெட்டி கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். கூடவே தொந்தரவும் வந்தது. சேனல் எண்ணெல்லாம் மாறிவிட்டது. அம்மாவுக்குச் சேனல் என்றால் எண்தான், பெயர் இல்லை. என் மனைவி தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் பழைய எண், புது எண் என்று இரண்டு வரிசை எழுதி ரிமோட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறார்.

ஆக இப்போது எங்கள் வீட்டில் மூன்றும் இருக்கிறது. யோசனை கேட்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். டிஷ் ரீசார்ஜ் ஜூனோடு முடிகிறது, விட்டுவிடுவேன்.

அப்பன்திருப்பதித் தம்பிக்கு இந்தக் கவலையே இல்லை. அழகர் அவர் ஊர் வழியாகத்தான் வருகிறார்.

2025 ஜூன் 15, ஞாயிறு

செயற்கைக்கோள் வழியாக நெட் தருகிற ஸ்டார்லிங்குக்கு இந்த மாதம் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்துவிட்டது, இனி எல்லாம் பழங்கதை என்று நாலு பேர். அது சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகிற கூட்டம். நான் சொன்ன அரை விநாடித் தொல்லை அதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பேரையூர்ப் பக்கம் ஃபைபர் போகாத என் தங்கை வீட்டுக்கு ஒருநாள் உதவலாம். ஆனால் அந்தத் தட்டுக்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும், ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்காது. தென்னந்தோப்புக்காரர்கள் இப்போது மரத்தைப் பற்றிக் கேட்கலாம்.

2025 ஜூலை 20, ஞாயிறு

அப்பன்திருப்பதித் தம்பி கடைசியில் எழுதிவிட்டார். போன வருடம் நான் முதலில் சொன்னபடியே டி.வி.க்கு டிஷ், நெட்டுக்கு ஏரியா கேபிள்காரரின் ஃபைபர். என் மறுயோசனைகளுக்கெல்லாம் அவர் காத்திருக்கவில்லை, நல்லதுதான். ஃபைபரைக் கம்பத்திலிருந்து வீடு வரை குழாய்க்குள் இழுத்துவிட்டாராம், ஒருநாள்கூடப் போகவில்லையாம்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு குரங்கு டிஷ் மேல் உட்கார்ந்து, தட்டுக்கு முன்னால் நீட்டியிருக்கிற கம்பிக் கையை வளைத்துவிட்டது. படம் போய்விட்டது. டிஷ் நிறுவனத்தில் புகார் எண் கொடுத்தார்கள், மூன்று நாளில் ஆள் வரும் என்றார்கள். அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. டி.வி.யை அவரிடம் எடுக்காத சங்கடத்தோடு தம்பி அதே கேபிள்காரருக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஸ்பேனரோடு வந்து மாடி ஏறினார். கையை நிமிர்த்தி, நட்டைத் தளர்த்தி, தட்டை நூல் நூலாக நகர்த்தியிருக்கிறார். தம்பி படிக்கட்டில். அம்மா கீழே டி.வி. முன்னால் சிக்னல் கோட்டைப் பார்த்துக்கொண்டு கத்துகிறார்: "வந்துருச்சு... போச்சு... இன்னும் கொஞ்சம்... அங்கேயே வையி, அங்கேயே வையி!"

சீரியல் எட்டரைக்கு. எட்டு இருபதுக்குக் கேபிள்காரர் கீழே இறங்கிக் காபி குடித்தாராம். காசு வாங்கவில்லை. "மேல ஒரு முள்கம்பி சுத்தி வைங்க, நாளைக்கும் வரும்" என்று மட்டும் சொன்னாராம்.